பருப்பு வெந்த கிணறு

க்ஷேமம் விசாரிக்கிற வரியை இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் என் கோபத்தை வாங்கிக்கொள்.

உன் கடிதம் புதன்கிழமை இங்கே காஜிப்பேட்டைக்கு வந்தது. உன் அக்கா மகளின் பிரசவத்துக்கென்று நான் செகந்திராபாத்தை விட்டு வந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் நீ நிலம் பார்த்து, பேசி, முடிவும் செய்துவிட்டாய். வருகிற திங்கட்கிழமை பத்திரம் பதிகிறீர்களாம். மறுநாளே ஒர்க்‌ஷாப்பில் ராஜினாமா கொடுக்கிறாயாம். மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு லோத்குண்டாவுக்கு அந்தப் பக்கம் போய் விவசாயம் பண்ணப் போகிறாயாம். கடைசியில் ஒரு வரி: "அம்மா, நீ வந்து பால் காய்ச்சித் தர வேண்டும்." பால் காய்ச்ச அம்மா வேண்டும். நிலம் நல்லதா என்று ஒரு வார்த்தை கேட்க அம்மா வேண்டாம். யாரைக் கேட்டாய்? தரகனைக் கேட்டிருக்கிறாய். உன் சார்ஜ்மேனைக் கேட்டிருக்கிறாய். செய்யாற்றங்கரையில் பிறந்து, ஐந்தாம் வகுப்பு முடித்த மறுநாளே பள்ளிக்கூடப் பையைக் கழற்றி வைத்துவிட்டு நாற்றுக்கட்டு தூக்கினவளை நீ கேட்கவில்லை.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு உன் அக்கா மகள், "நக்கோ, வேண்டாம் பாட்டி, மாமாவைத் திட்டி எழுதாதே" என்கிறாள். திட்டித்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள், அதற்கு முன் நான் கிளம்பினால் உன் அக்கா ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டாள். அதனால் நாளைக்கு ரயில் டியூட்டியில் அங்கே வருகிற உன் அக்கா வீட்டு மாமா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன்னோடு சேர்ந்து வாங்குகிற மூன்று வீட்டாரையும் உட்கார வைத்து, உரக்கப் படி. அவர்களும் குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு உன் பேச்சை நம்பித்தான் வருகிறார்கள். உனக்கு வெட்கமாக இருக்கும் இடங்களை முழுங்கிவிடாதே. எனக்கு வெட்கமான இடங்கள் இதில் அதைவிட அதிகம் இருக்கின்றன.

நீ விவசாயம் பண்ணுவதில் எனக்கு வருத்தம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் பாய்லருக்குள் உட்கார்ந்து ஆணி அடித்து உன் ஒரு காது போய்விட்டது. மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். நீ நிலத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எட்டு ஏக்கர், கல்லே இல்லாத சமதரை, பாதை ஓரம் என்று எழுதியிருக்கிறாய். கிணற்றில் சித்திரை மாதத்திலும் தண்ணீர் நிற்கிறதாம். அந்தத் தண்ணீரைக் கெட்டிலில் மூன்று தரம் சுண்டக் காய்ச்சினாயாம், அடியில் சுண்ணாம்புப் படையே பிடிக்கவில்லையாம், அடியில் தங்கின வெள்ளைப் பொடியும் விரலால் துடைத்தால் வந்துவிட்டதாம். மருமகள் அங்கேயே பருப்பு வேகவைத்துப் பார்த்தாளாம், வெண்ணெய் மாதிரிக் குழைந்துவிட்டதாம். சோப்பு நன்றாக நுரைக்கிறதாம். ஓரத்தில் வண்ணான் ஒருவன் கழுதையோடு வந்து மண் சுரண்டிக்கொண்டு போகிறானாம், வெளுக்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறது என்று அதையும் ஒரு சௌகரியமாக எழுதியிருக்கிறாய். டேய், அவன் அங்கே எதற்கு வருகிறான் என்று உனக்கு ஏன் தோன்றவில்லை? வண்ணான் எந்த மண்ணைச் சுரண்டுவான்? துணி வெளுக்கிற உவர்மண்ணைச் சுரண்டுவான். சோப்புக்குப் பதிலாகிற மண்ணில் நெல் எப்படியடா முளைக்கும்?

இன்னொரு நிலத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறாய், போகிற போக்கில், ஒரே வரியில். அரை மைல் தள்ளி மேட்டில் செம்மண், சரளை, சீத்தாப்பழச் செடி மண்டிக் கிடக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கடுத்துப்போய்க் கெட்டிலில் சுண்ணாம்பாகப் படிகிறது, அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அந்த ஒரு வரிதான் உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி.

நீ நிலம் பார்க்கவில்லை, பாய்லருக்குத் தண்ணீர் பார்த்திருக்கிறாய். இந்தப் பைத்தியக்காரத்தனம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவிடமிருந்து வந்தது. பாதி என்னிடமிருந்தும் வந்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

உன் அப்பா பாய்லர் ஷாப்பில் எப்படிப்பட்ட ஆள் என்று நீ கேள்விப்பட்டிருக்கிறாய். எந்த ஸ்டேஷன் தண்ணீரை எஞ்சின் குடித்தது என்று குழாயில் பிடித்த படையைச் சுரண்டி, விரலில் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். டிரைவர்கள் ஊர் ஊராகச் சீசாவில் தண்ணீர் பிடித்து வந்து அவரிடம் கொடுப்பார்கள். துரைகூட அவரைக் கூப்பிட்டுக் கேட்பார் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? குவார்ட்டர்ஸ் லைனில் தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் நான்தான் அதைச் சொல்லிக்கொண்டு திரிவேன். படை பிடித்தால் கெட்ட தண்ணீர், பிடிக்காவிட்டால் நல்ல தண்ணீர். அவருடைய வேதம் அவ்வளவுதான். எஞ்சினுக்கு அது சரிதான். எஞ்சினுக்கு வேர் கிடையாது.

நம் ஜனங்களுக்கு வேறு ஒரு வியாதியும் உண்டு. நிலம் என்றால் நெல். தண்ணீர் நிற்கிற பள்ளம், சமதரை, கறுத்த மண். இதைத் தவிர மற்றதெல்லாம் நிலமே இல்லை என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இந்த நிஜாம் சீமைக்கு வந்து சோளமும் ஆமணக்கும் விளைகிற செம்மேட்டைப் பார்த்து, ஐயோ பாவம், இவர்களுக்கு நிலமே இல்லை என்று பரிதாபப்பட்டோம். அந்தச் சோளத்தைத் தின்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

உனக்கு அப்போது ஏழு வயசு. குகட்பள்ளிப் பக்கம் இரண்டு நிலம் விலைக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு போனோம். முதலில் மேட்டு நிலம் பார்த்தோம். செக்கச்செவேலென்று சரளை மண், நடுவில் பாறை. உன் அப்பா கெட்டிலையும் விறகையும் இறக்கித் தண்ணீரைக் காய்ச்சினார். அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டினாலும் வரவில்லை. இதை மனுஷன் குடிப்பானா என்று கெட்டிலைக் கவிழ்த்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். பிறகு பள்ளத்து நிலம். பாய் விரித்த மாதிரி மட்டமாகக் கிடந்தது. கிணற்றில் கை நீட்டினால் எட்டுகிற தண்ணீர். காய்ச்சினோம், படை இல்லை. கொஞ்சம் வெள்ளைப் பொடி தங்கியது. உன்னைப்போலவே உன் அப்பாவும் அதை விரலால் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

நான் கொண்டுபோயிருந்த துவரம்பருப்பை அந்தத் தண்ணீரில் போட்டேன். நீ இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் லைன் தண்ணீரில் நான் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பருப்பு வேகாது. தலைக்கு அரப்பு போட்டால் முடி சடையாகத் திரியும். உன் பாட்டி, என் மாமியார், ஒவ்வொரு நாளும் தட்டில் முழுசாக உருளும் பருப்பை எண்ணிக் காட்டுவாள். "செய்யாத்துப் பொண்ணுக்குப் பருப்பு வேகவெக்கக்கூடத் தெரியல" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்லுவாள். பத்து வருஷம் கேட்டேன். அந்தக் கிணற்றங்கரையில் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பில், நான் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பருப்பு வெந்து குழைந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது என்றால் நம்புவாயா? கரண்டியால் மசித்து மசித்துப் பார்த்தேன்.

ஆனால் நான் வயல்காட்டில் வளர்ந்தவள். பருப்பு வேகும்போதே இறங்கிப்போய் ஒரு பிடி மண் எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து பார்த்தேன். எங்கள் அப்பா செய்வார் அப்படி. நல்ல மண் பிசைந்தால் கையில் சொரசொரவென்று நிற்கும், உருட்டிக் காயவைத்தால் பிறகு விரலுக்குப் பொடியும். இது விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது, குளிக்கும்போது சோப்புத் துண்டு நழுவுகிற மாதிரி. காய்ந்த கட்டி ஒன்றை எடுத்துக் கல்லில் அடித்தேன், ஓடு மாதிரிச் சத்தம் கேட்டது. வரப்பில் அருகம்புல்கூட இல்லை. அங்கங்கே திட்டுத் திட்டாக மண் மேல் வெளுத்த பூப்பு. இவ்வளவையும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கையைக் கழுவினேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கை என்ன மிருதுவாக ஆனது தெரியுமா.

திரும்பி வந்ததும் உன் அப்பா கேட்டார். "இன்னாமே, மண்ணு எப்டி கீது?"

"நல்லா கீது," என்றேன்.

இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை நான் வேறுமாதிரி சொல்லியிருந்தால் அவர் அந்த நிலத்தை வாங்கியிருக்க மாட்டார். தண்ணீர் அவர் பாடு, மண் என் பாடு என்றுதான் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் தன் வேலையைத் தப்பாகச் செய்தார் என்றால் தெரியாமல் செய்தார். நான் தெரிந்து செய்தேன். பருப்புக்காகச் செய்தேன்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் பக்கத்து மேட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் இறங்கி வந்தாள். பாலம்மா என்று பேர், என் வயசுதான் இருக்கும். அவளும் புருஷனும் அந்தச் செம்மேட்டின் மறுபாதியில் பயிர் வைத்திருந்தார்கள். மசித்த பருப்புப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஈ நீள்ளு பப்புக்கு மஞ்சிதி அம்மா, மடிக்கி காது" என்றாள். இந்தத் தண்ணீர் பருப்புக்கு நல்லது, வயலுக்கு ஆகாது என்று. யாரும் கேட்காமல், எதையும் எதிர்பார்க்காமல் சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று கேள். நாங்கள் முப்போகம் பார்த்த ஊர்க்காரர்கள், ஆமணக்கு போடுகிறவள் எனக்கு நெல்லுக்குத் தண்ணீர் சொல்லித் தர வேண்டாம் என்று சொன்னேன். தமிழில் பாதி, எனக்குத் தெரிந்த தெலுங்கில் பாதி. அவளுக்கு முழுசும் புரிந்தது. முந்தானையை உதறிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டாள்.

முதல் வருஷம் மழை நன்றாகப் பெய்தது, நெல்லும் சுமாராக வந்தது. மழைத் தண்ணீர் காப்பாற்றியது என்று அப்போது தெரியவில்லை. என் வாய்க்கு அந்த ஒரு வருஷம் போதுமாக இருந்தது. இரண்டாம் வருஷம் மழை குறைந்தது, மாடு பூட்டி, கிணற்றிலிருந்து கவலை ஏற்றம் கட்டி இறைத்தோம். தண்ணீர் தட்டில் ஊற்றின மாதிரி மேலேயே நின்றது. மூன்று நாள், நான்கு நாள், பால் கலந்தாற்போல் வெளுத்துப்போய், தெளியவே இல்லை. மண்வெட்டியால் கொத்தினால் நாலு விரற்கடைக்குக் கீழே உலர்ந்து கிடக்கிறது. நாற்றின் நுனி கருகியது. உன் அப்பா, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் இறைத்தார். இறைக்க இறைக்க இறுகியது. மூன்றாம் வருஷம் ஏர் இறங்கவில்லை. கொழு முனை உடைந்து தெறித்தது. உழுத இடமெல்லாம் செங்கல் செங்கலாகப் பெயர்ந்து கிடந்தது. அதே மழையில் பாலம்மா மேட்டில் தேங்கின தண்ணீர் சாயங்காலத்துக்குள் தெளிந்து, மறுநாள் உள்ளே இறங்கிவிடும். முட்டை ஓட்டுப் படை பிடிக்கிற அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அவள் மிளகாயும் கத்தரியும் போட்டு, ஆள் வைத்துப் பறித்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் வருஷம் விட்டுவிட்டோம். உன் அப்பா பழையபடி ஷாப்புக்கும் வீட்டுக்குமாக நடந்தார். ஆனால் அதற்குப் பிறகு யாராவது தண்ணீர்ச் சீசா கொண்டுவந்து நீட்டினால் வாங்க மாட்டார். "எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த ஒரு பேச்சு என்னைச் சுட்ட மாதிரி வேறு எதுவும் சுடவில்லை. உனக்கும் தெரியாது, உன் அக்காவுக்கும் தெரியாது, மண் வழுக்கினது எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் நான் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படி. லைனில் எல்லாரும் கேட்டார்கள். முப்போகம் பார்த்தவளுக்கு ஏன் ஒரு போகமும் வரவில்லை என்று என் மாமியார் தினம் கேட்டாள். எனக்குப் பதில் வேண்டியிருந்தது. ஒருநாள் குழாயடியில் வாயில் வந்ததைச் சொன்னேன்: மேட்டுக்காரி பொறாமையில் எங்கள் கிணற்றில் எதையோ கொட்டிவிட்டாள், தண்ணீர் கெட்டுப்போச்சு, பயிர் கருகிப்போச்சு. சொன்ன உடனே எல்லாரும் நம்பினார்கள். நம் ஆட்களுக்கு நம் ஆள் சொன்னால் போதும். பாலம்மா வாரத்துக்கு ஒருநாள் வண்டியில் காய் கொண்டுவந்து நம் லைனில் விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வாரத்திலிருந்து அவளிடம் ஒரு வீட்டார்கூட வாங்கவில்லை. இரண்டு வாரம் வந்து, கூவிப் பார்த்துவிட்டு, நிறைந்த கூடையோடு திரும்பிப்போனாள். ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். அப்பா நல்ல நிலம்தான் வாங்கினார், பக்கத்தில் இருந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள். உன் அப்பா பேர் கெடக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பேர் கெடக் கூடாது என்றுதான் சொன்னேன்.

அந்தப் பொய் இப்போது என்ன செய்திருக்கிறது பார். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: "இந்த நிலத்தைச் சுற்றி அரை மைலுக்கு யாரும் பயிர் வைக்கவில்லை அம்மா, அதனால் அப்பா கிணற்றுக்கு நடந்த மாதிரி இங்கே நடக்காது." இதைப் படித்த இடத்தில் நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அரை மைலுக்கு ஒருவனும் பயிர் வைக்காத சமதரையை, பாதை ஓரத்து நிலத்தை, கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிற நிலத்தை, நீ அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்கிறாய். ஊரில் இருப்பவர்களெல்லாம் முட்டாளா? அவர்கள் தாத்தா காலத்திலிருந்து ஏன் அதைச் சும்மா விட்டிருக்கிறார்கள் என்று ஒரே ஒரு ஆளைக் கேட்டாயா? அக்கம்பக்கத்தான் கெடுப்பான் என்று நான் உன் காதில் ஓதி வைத்ததால், அக்கம்பக்கத்தானே இல்லாத பாழைத் தேடிப் பிடித்திருக்கிறாய். உன் மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேதான் திரும்பி என் பக்கம் வந்தது. மிச்சப் பாதி இன்னும் உன் மேல்தான் இருக்கிறது. நான் பொய் சொன்னேன், சரி. உனக்கு நாற்பது வயசு தாண்டியாச்சு, காலடியில் கிடக்கிற மண்ணை நீ குனிந்து பார்க்கக் கூடாதா?

இப்போது சொல்வதைச் செய். கெட்டிலைப் பரண் மேல் தூக்கிப் போடு. வெறும் கையோடு போ. நீ பேசி முடித்த சமதரையில் ஒரு கட்டி, மேட்டு நிலத்தில் ஒரு கட்டி, இரண்டையும் எடுத்துவந்து, பிடித்து வைத்த மழைத் தண்ணீர் மருமகள் பானையில் இருக்கும், இரண்டு கண்ணாடி டம்ளரில் அதை ஊற்றி, கட்டியை மெள்ள உள்ளே விடு. கலக்காதே, ஆட்டாதே. மறுநாள் காலையில் பார். எது தெளிந்து மண் கீழே நிற்கிறதோ அது நிலம். எது பால் மாதிரிக் கலங்கியே நிற்கிறதோ அதை வண்ணானுக்கு விட்டுவிடு. பிறகு இரண்டு நிலத்திலும் மூன்று மூன்று இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, குடம் தண்ணீர் ஊற்று. நீ சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் இறங்கினால் வேர் அங்கே மூச்சு விடும். மேட்டில் எவ்வளவு ஆழத்தில் பாறை தட்டுகிறது என்பதையும் அந்தக் குழியே சொல்லும். அங்கே முழங்காலுக்குக் கீழும் மண் இருந்தால் போதும், சரளையைப் பார்த்துப் பயப்படாதே. சீத்தாப்பழச் செடி தானாக மண்டுகிற இடத்தில் வேருக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம். படை விடாத தண்ணீரெல்லாம் கெட்டது என்றும் பிடித்துக்கொள்ளாதே, மழைத் தண்ணீரும்தான் படை விடாது. தண்ணீர் நல்லதா என்று கெட்டில் சொல்லாது, அது பல வருஷம் பாய்ந்த மண்தான் சொல்லும். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் தரகர்கள் இல்லை. குனிந்து களை எடுக்கிற பெண்கள். அவர்களைக் கேள். உன் தரகன் எதற்கெடுத்தாலும் "ஹவ் சாப், ஹவ் சாப்" என்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவனிடம் என்னத்தைக் கேட்பாய்?

நெல்லையும் மறந்துவிடு. உன் மூன்று வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மேட்டுக்குச் சோளம், நிலக்கடலை, ஆமணக்கு, கிணற்றடியில் மிளகாய், கத்தரி. அரிசி கடையில் வாங்கித் தின்னுங்கள். அது கௌரவக் குறைச்சல் இல்லை. கௌரவம் பார்த்துத்தான் நான் ஒரு மனுஷனை வாய் மூட வைத்தேன், ஒருத்தியைக் கூடையோடு திருப்பி அனுப்பினேன்.

ராஜினாமாக் கடிதத்தில் மை பட்டிருந்தால் கிழித்துப் போடு. மேட்டில் ஒரு போகம் எடுத்துக் கையில் பார்த்த பிறகு வேலையை விடு. குவார்ட்டர்ஸ் சாவி அதுவரைக்கும் உன் இடுப்பிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அது உனக்கு உத்தரவு இல்லை, நான் கேட்கிற உதவி. போன வருஷம் மோண்டா மார்க்கெட்டில் பாலம்மாவைப் பார்த்தேன். மிளகாய் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை என்னைவிட நரைத்திருந்தது. நான் அடையாளம் கண்டுகொள்வதற்கு முன்பே அவள் கண்டுகொண்டாள். "பாகுன்னாவா அம்மா?" என்று விசாரித்தாள். நான் காது கேளாதவள் போல அடுத்த கடைக்கு நடந்துவிட்டேன். அறுபத்தைந்து வயசில் ஒரு பெண் நலமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லப் பயந்து ஓடினேன். சனிக்கிழமை சந்தைக்கு வருவாள். நீ அங்கே போ. இன்னார் மகன் என்று சொல். எங்கள் கிணற்றில் நீங்கள் எதையோ கொட்டினதாக என் அம்மா லைனில் சொன்னது பொய், அதனால்தான் அன்றைக்கு யாரும் உங்களிடம் காய் வாங்கவில்லை என்று சொல். கொட்டின விஷம் என் வாயிலிருந்து வந்ததுதான் என்று நான் சொன்னதாகச் சொல். அவள் உன்னைத் திட்டினால் கேட்டுக்கொண்டு நில், அது எனக்கு வர வேண்டியது, நான் வந்து மீதியை வாங்கிக்கொள்கிறேன். திட்டி முடித்த பிறகு, எங்களோடு வந்து இரண்டு நிலத்தையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேள். வருவாளா என்று எனக்குத் தெரியாது. வந்தால், அவள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதற்குத்தான் பத்திரம் எழுத வேண்டும். நான் சொன்னேன் என்பதற்காக மேட்டு நிலத்தையும் வாங்காதே. மண்ணைப் பற்றி நான் ஒருமுறை சொன்ன சொல்லின் லட்சணம்தான் உனக்கு இப்போது தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, நிலத்துக்கே நேராக வருகிறேன், மாமா கொண்டுவந்து விடுவார். இரண்டு டம்ளரையும் கலங்காமல் எடுத்து வந்து வை. இங்கே தாயும் சேயும் சுகம். குழந்தை உன் அப்பா ஜாடை, நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் எதையும் பார்க்கிறது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு கத்தினேன்.

பால் காய்ச்சுகிறேன், மேட்டுக் கிணற்றடியில் என்றால். அன்றைக்குச் சமையலும் நான்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது என்று மருமகள் முணுமுணுப்பாள். முந்தின நாளே ஊறப் போட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொல். வேகட்டும், எவ்வளவு நேரமானாலும் அடுப்படியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா